விற்க எதுவும் இல்லாதவர்களிடம் கேட்டோம்

ஊட்டியில் லவ்டேல் பக்கம் எங்கள் வீடு. தாத்தா காலத்துத் தகரக் கூரை, அதன் கீழே பலகைத் தட்டு. உறைபனி விழ ஆரம்பித்துவிட்டால் அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. சாயங்காலம் ரூம் ஹீட்டரைப் போட்டால் அவர் தூங்கப் போகும் வரை ஓடும். போன குளிர்காலத்துக்கு முந்தைய வருடம் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியது. அப்போது 500க்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த நூறுக்கும் சலுகை விலை என்று இருந்தது. தாண்டிவிட்டதால் அந்த இரண்டாவது நூறின் சலுகை போய்விட்டது, மேலே ஏற ஏற விலையும் கூடியது. பில் கையைக் கடித்தது.

கடைகளில் விசாரித்தோம். ஆயில் ஹீட்டர் வாங்கினால் கரண்ட் பாதிதான் ஆகும் என்றார் ஒருவர். இன்னொருவர் வீட்டுக்கே வந்து, 3 கிலோவாட் சோலார் போடுங்கள், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைக்கும் என்றார். மானியம் உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் எங்கிருந்து குளிர் வருகிறது என்று இருவருமே கேட்கவில்லை.

தங்கைதான் ஒரு குழுவைப் பற்றிச் சொன்னாள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர், ஒரு தச்சர். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வந்து, கரண்டும் சூடும் எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சொல்வார்கள். காசு வாங்குவதில்லை, எந்தக் கடையையும் கைகாட்டுவதில்லை. "எந்தக் கம்பெனி வாங்கலாம் சார்?" என்று கேட்டால், லேபிளில் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வார்கள். இதுதான் எனக்குப் பெரிய ஆறுதல்.

வந்ததும் ஒரு வருடத்துக் கணக்கைக் கேட்டார்கள். கோடையில் 200 சொச்சம், குளிரில் 580. மின்வாரியத்துக்காரர் காகிதத்தில் கணக்குப் போட்டார். 2,000 வாட் ஹீட்டர் மூன்று மணி நேரம் ஓடினால் 6 யூனிட், அறுபது நாளைக்கு 360. "வித்தியாசம் ஏறக்குறைய முழுக்க இதுதான்மா" என்று அம்மாவிடம் காட்டினார். பிறகு வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைக்கச் சொல்லி, மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னுகிறதா என்று பார்த்தார். மின்னினால் எங்கோ கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். மின்னியது. குளியலறை கீசர் தனி ஸ்விட்சில் நாள் முழுக்க ஆனிலேயே கிடந்திருக்கிறது. குளிர்ந்த குளியலறையில் தொட்டி சூட்டை இழந்துகொண்டே இருக்கும், அதுவும் திரும்பத் திரும்பச் சூடாக்கும். கீசரின் நட்சத்திர லேபிளே இந்த இழப்பை வைத்துத்தான். 25 லிட்டரை 12 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற 1.4 யூனிட் போதும். எங்கள் 2,000 வாட் கீசருக்கு அது முக்கால் மணி நேர வேலைகூட இல்லை.

ஹீட்டர் பற்றி ஆசிரியர் தெளிவாகச் சொன்னார். ஆயில், ஃபேன், குவார்ட்ஸ் எதுவானாலும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான். சூடு எவ்வளவு நேரம் அறையில் தங்குகிறது என்பது வீட்டைப் பொறுத்தது.

அடுத்து ஊதுபத்தி. காற்று அடிக்கிற மாலையாகப் பார்த்து வந்து, பற்றவைத்த பத்தியோடு சுவர் ஓரமாக நடந்தார் தச்சர். கதவடியில் புகை உள்பக்கமாகச் சாய்ந்தது. பலகைத் தட்டின் இணைப்புகளில் மேலே ஏறி மறைந்தது. பழைய கணப்பு அடுப்பின் வாயருகே பிடித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. புகை மொத்தமாகப் புகைபோக்கிக்குள் இழுபட்டது. நாங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று இத்தனை வருடமாக அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

அவர்கள் சொன்ன வரிசைப்படியே செய்தோம். புகைபோக்கி வாயைப் பலகையால் அடைத்தோம், ஈரம் தங்காமலிருக்கச் சின்னத் துளை மட்டும் விட்டு. கதவடிக்கு ரப்பர் பட்டை. பலகைத் தட்டின் மேல், சூடு வெளியே போகாமல் தடுக்கும் கண்ணாடிக் கம்பளி (கிளாஸ் வூல்) விரிக்கும் முன்பு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பழைய வயர்களைச் சரிபார்க்கச் சொன்னார்கள். கம்பளி தகரத்தைத் தொடவே கூடாது என்றார்கள். விடியற்காலையில் தகரத்தின் அடியில் நீர் கோத்துச் சொட்டும். அது கம்பளியை நனைத்தால் போட்டும் பயனில்லை. ஆகவே இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் காற்றுப் போக வழி வைத்தோம். விரித்தவர்கள் முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டார்கள், இல்லாவிட்டால் அரிப்பு தாங்காது.

ஒரு விஷயத்தில் அவர்கள் கெடுபிடியாக இருந்தார்கள். அம்மாவுக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர் காயும் பழக்கம். "இனி வேண்டாம்மா, சந்துகளை அடைத்த வீட்டில் கூடவே கூடாது" என்றார் ஆசிரியர். கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். "அப்போ எனக்குக் குளிருமே தம்பி?" என்று கேட்டார் அம்மா. படுக்கையில் விரிக்கும் மின்சாரப் போர்வை சுமார் 100 வாட்தான் எடுக்கும், அறை முழுவதையும் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குங்கள் என்றார். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

சோலார் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் கூரைக்குத் தெற்கே சில்வர் ஓக் மர நிழல், ஜூனிலிருந்து மழையும் மூடுபனியும். முதலில் தேவையைக் குறையுங்கள், பிறகு எத்தனை கிலோவாட் என்று பார்ப்போம் என்றார்கள். சரியான யோசனை என்றே நினைக்கிறேன்.

போன குளிர்காலத்தில் ஹீட்டர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவில்லை. கணக்கு 400க்குள் நின்றது. கிழக்கு அறை ஜன்னல்கள் மட்டும் பாக்கி. மழைக்காலத்தில் மரம் உப்பிச் சந்தே தெரியாது, பிப்ரவரியில் நன்றாகக் காய்ந்த பிறகு அளவெடுக்க வருகிறேன் என்று தச்சர் சொல்லியிருக்கிறார்.