திரை கிழிந்தால் கார்டைக் குறை சொல்லாதீர்கள்

கேமில் கேமராவை வேகமாக இடவலமாகத் திருப்புகிறீர்கள். எதிரே நிற்கும் தூணின் மேல்பாதி ஓரிடத்தில், கீழ்பாதி கொஞ்சம் தள்ளி இன்னோரிடத்தில். நடுவே படுக்கைவாக்கில் ஒரு வெட்டு. இதுதான் ஸ்க்ரீன் டியரிங். கிராபிக்ஸ் கார்டு பழுதானால் வரும் வண்ணப் புள்ளிகளும் கட்டங்களும் வேறு கதை. நகரும் பொருளுக்குப் பின்னால் நிழல் இழுபடுவது மானிட்டர் பேனலின் வேகக் குறைவு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உறுதி செய்துகொள்ள ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பயனில்லை. அதில் கார்டு வரைந்த முழுப் படம், அதாவது ஃப்ரேம்தான் பதிவாகும், வெட்டு தெரியாது. நேரான கதவு, கம்பம் ஏதாவது ஒன்றின் முன் நின்று கேமராவை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்கே தெரிந்துவிடும்.

நடப்பது இவ்வளவுதான். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வினாடிக்கு 60 முறை படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக எழுதுகிறது. ஒரு சுற்றுக்கு 16.7 மில்லிவினாடி. 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9. கிராபிக்ஸ் கார்டு இந்தத் தாளத்தைப் பார்ப்பதில்லை. ஃப்ரேம் தயாரானதும் நீட்டிவிடும். மானிட்டர் பாதி எழுதிக்கொண்டிருக்கையில் புது ஃப்ரேம் வந்து விழுந்தால் மேல்பாதி பழையது, கீழ்பாதி புதியது. இரண்டும் சந்திக்கும் வரிதான் அந்த வெட்டு.

ஆக இது கார்டின் பலம் சார்ந்த பிரச்சினை இல்லை, நேரம் பொருந்தாத பிரச்சினை. 60 ஹெர்ட்ஸ் திரையில் வினாடிக்கு 45 ஃப்ரேம், அதாவது 45 எஃப்பிஎஸ் ஓடினாலும் கிழியும். 200 ஓடினால் ஒரே சுற்றில் மூன்று வெட்டுகள் விழும். ஆனால் அடுத்தடுத்த ஃப்ரேம்களுக்கு இடையே நகர்வு குறைவு என்பதால் ஒவ்வொன்றும் சிறிதாக இருக்கும். இன்னும் பெரிய கார்டு வாங்கினால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. அதைவிடத் தவறானது, வேறெதையும் மாற்றாமல் எஃப்பிஎஸ்ஸை 60-இல் கட்டிவிட்டால் போதும் என்பது. மானிட்டரின் உண்மையான வேகம் பெரும்பாலும் துல்லியமாக 60 இல்லை. 59.95 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.05. வெட்டு திரை முழுக்க ஊர்ந்து கடக்க 20 வினாடி ஆகும். அங்கங்கே மின்னி மறைந்த கோடு இப்போது கண்ணெதிரே எறும்புபோல நகரும்.

எதையும் மாற்றும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள். கேபிள் கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டில் இருக்கிறதா, தவறி மதர்போர்டில் செருகியிருக்கிறதா? விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய், ரிஃப்ரெஷ் ரேட் (அந்த ஹெர்ட்ஸ் எண்) மானிட்டரின் முழு அளவில் இருக்கிறதா? 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இலேயே ஓடிக்கொண்டிருப்பது நினைப்பதைவிட அதிகம். மூன்றாவது, மானிட்டரின் சொந்த மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ்-சிங்க் என்று ஒன்று இருக்கிறதா? பல மானிட்டர்களில் அது அணைத்த நிலையில்தான் வரும். அங்கே போடாதவரை, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் என்ன செய்தும் பயனில்லை.

அந்த மூன்றாவது கேள்விக்கு ‘இருக்கிறது’ என்பது பதிலானால் வேலை பாதி முடிந்தது. இந்த வசதியில் தாளம் மாறுவது மானிட்டருக்கு. ஃப்ரேம் வரும்வரை காத்திருந்து, வந்ததும் எழுதத் தொடங்கும். கார்டு நிறுவனமான என்விடியா 2013-இல் இதை ஜி-சிங்க் என்ற பெயரில் அறிவித்தது. 2014-இல் திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு அடாப்டிவ்-சிங்க்கை டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பின் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. இன்னொரு கார்டு நிறுவனமான ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதன்மேல் எழுந்தது. 2019 ஜனவரியிலிருந்து என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பிந்தைய கார்டுகளும் ஃப்ரீசிங்க் மானிட்டர்களோடு வேலை செய்கின்றன. பழைய ஃப்ரீசிங்க் மானிட்டரோடு என்விடியா கார்டு என்றால் எச்டிஎம்ஐ வேண்டாம், டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடுங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மானிட்டர் ஒரு சுற்றை முடிக்கும்வரை புது ஃப்ரேமை நிறுத்திவைப்பது வி-சிங்க். ஜி-சிங்க் போட்டாயிற்றே, வி-சிங்க் எதற்கு என்று அணைத்துவிடுகிறார்கள். பிறகு திரையின் அடிப்பகுதியில் மெல்லிய வெட்டு வருகிறது என்று குழம்புகிறார்கள். சராசரி எஃப்பிஎஸ் வரம்புக்குள் இருந்தாலும், இடையில் ஒரு ஃப்ரேம் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிடும். அதைத் தடுத்து நிறுத்தும் காவலாகத்தான் வி-சிங்க் வேண்டும். மூன்றையும் சேர்த்தே செய்ய வேண்டும்: ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் ஆன், டிரைவரின் கண்ட்ரோல் பேனலில் வி-சிங்க் ஆன் (கேமுக்குள் ஆஃப்), எஃப்பிஎஸ் வரம்பு ரிஃப்ரெஷ் ரேட்டைவிட குறைந்தது 3 கீழே. 144-க்கு 141. எஃப்பிஎஸ் ரிஃப்ரெஷ் ரேட்டில் முட்டாதவரை, மவுஸ் அசைவு திரைக்கு வருவதில் வி-சிங்க்கின் வழக்கமான தாமதம் வராது. கேமில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் என்விடியா ரிஃப்ளெக்ஸ் இருந்தால், இந்த அமைப்பில் அதுவே 144 ஹெர்ட்ஸில் 138 அளவில் கட்டிக்கொள்ளும். நீங்கள் தனியாகக் கட்ட வேண்டாம்.

வரம்பை எங்கே வைப்பது? கேமுக்குள்ளேயே இருந்தால் அதுவே நல்லது, தாமதம் குறைவு. ஆர்டிஎஸ்எஸ் எனப்படும் ரிவாட்யூனர் மென்பொருள் வழியாக வைத்தால் ஃப்ரேம்களின் இடைவெளி இன்னும் சீராக இருக்கும், தாமதம் சற்றே கூடும்.

ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் வேலை செய்யும் ஹெர்ட்ஸ் எல்லை மானிட்டருக்கு மானிட்டர் மாறும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 48–144 என்று போட்டிருந்தால் 40 எஃப்பிஎஸ்ஸிலும் பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு முறை காட்டி 80 ஹெர்ட்ஸாக ஓட்டிவிடும். மேல் எல்லை கீழ் எல்லையைப்போல இரண்டு மடங்காவது இருந்தால்தான் இந்த உத்தி நடக்கும். 48–75 மானிட்டரில் நடக்காது. 48-க்குக் கீழே போனால் பழைய கதைதான். அத்தகைய மானிட்டரில் நிழல், பிரதிபலிப்பு போன்றவற்றைக் குறைத்து எஃப்பிஎஸ்ஸை 50-க்கு மேல் நிறுத்துவதே வழி. இன்னொன்று: விஏ, ஓலெட் வகைப் பேனல்களில் ஃப்ரேம் நேரம் ஏறி இறங்கும்போது இருட்டுக் காட்சிகள் மினுங்கலாம். அது கிழிசல் அல்ல. எஃப்பிஎஸ் வரம்பை இன்னும் கீழே இறக்கிச் சீராக்கினால் பெரும்பாலும் தணியும்.

இந்த வசதியே இல்லாத மானிட்டரா? அப்போது வி-சிங்க்தான், ஆனால் அதன் விலையைத் தெரிந்துகொண்டு. இரண்டே பஃபரோடு (ஃப்ரேமை வைக்கும் நினைவிடம்) ஓடும் வி-சிங்க்கில் ஒரு ஃப்ரேம் 16.7-க்குப் பதில் 17 மில்லிவினாடி எடுத்தால்கூட அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். 60 சட்டென்று 30 ஆகிவிடும். கேமில் மூன்றாவது பஃபர் தரும் டிரிப்பிள் பஃபரிங் இருந்தால் போடுங்கள், இந்தச் சரிவு மட்டுப்படும். என்விடியாவின் அடாப்டிவ் வி-சிங்க் வேறு வழியில் போகிறது. எஃப்பிஎஸ் கீழே விழுந்தால் வி-சிங்க்கை அணைத்துவிடும். தடங்கல் இருக்காது, அந்த நேரத்தில் கிழியும்.

வி-சிங்க்கில் மவுஸ் கனமாக இழுபடுவதுபோலத் தோன்றுவதற்குக் காரணம், தயாரான ஃப்ரேம்கள் வரிசையில் நின்று பழசாவது. வி-சிங்க்கை ஆன் செய்து, வரம்பை உண்மையான ரிஃப்ரெஷ் ரேட்டைவிட நூலிழை கீழே வையுங்கள். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் 59.95 என்று காட்டினால் 59.94. ஆர்டிஎஸ்எஸ்-இன் புதிய பதிப்புகள் தசமத்தை ஏற்கும். வரிசை நிரம்பாததால் தாமதம் நன்றாகக் குறையும். பதிலுக்கு எப்போதாவது ஒரு ஃப்ரேம் இருமுறை வரும், சிலருக்கு அது சிறு சொடுக்காகத் தெரியலாம்.

கார்டுக்கு மூச்சு மிச்சமிருந்தால் அதே ஆர்டிஎஸ்எஸ்-இல் ஸ்கேன்லைன் சிங்க்கை முயன்று பாருங்கள். இது வெட்டை அழிப்பதில்லை, கண்ணுக்குப் படாத இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. வி-சிங்க்கை அணைத்து, கேமை முழுத்திரையில் ஓட்டி, கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளோடு மேல் கீழ் அம்புக்குறிகளை அழுத்தி வெட்டைத் திரையின் விளிம்புக்கு அப்பால் நகர்த்துங்கள். கார்டின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டினால் வெட்டு மீண்டும் உள்ளே வந்து நடுங்கும்.

கேமை விளிம்பில்லாத சாளரமாகத் திரை முழுக்க விரிக்கும் பார்டர்லெஸ் முறைக்கு மாற்றினால் சரியாகும் என்று சொல்வார்கள். விண்டோஸே எல்லா சாளரங்களையும் ஒன்றுசேர்த்துக் காட்டும்போது அது உண்மை, சிறிது தாமதத்தோடு. ஆனால் புதிய கேம்கள் பார்டர்லெஸ்ஸிலும் விண்டோஸைத் தாண்டி நேராகத் திரைக்கு அனுப்ப முடியும். வி-சிங்க் அணைந்திருந்தால் அங்கேயும் கிழியலாம். பழைய கேமை பார்டர்லெஸ்ஸில் ஓட்டும்போது ஜி-சிங்க் பிடிக்கவில்லை என்றால், விண்டோஸ் 11-இன் கிராபிக்ஸ் பக்கத்தில் சாளர கேம்களுக்கான ஆப்டிமைசேஷனை ஆன் செய்து பாருங்கள். என்விடியா பேனலிலும் ஜி-சிங்க்கை முழுத்திரைக்கும் சாளரத்துக்கும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

லினக்ஸில் திரையைக் கையாளும் அமைப்பு வேலேண்ட் என்றால் இயல்பாகவே கிழியாது. பழைய அமைப்பான எக்ஸ்11-இல் ஏஎம்டி கார்டுக்கு டியர்ஃப்ரீ என்ற தேர்வு, என்விடியாவுக்கு ஃபோர்ஸ் ஃபுல் காம்போசிஷன் பைப்லைன். பின்னதில் கொஞ்சம் வேகம் குறையும்.

போட்டி ஷூட்டர்களை 240 ஹெர்ட்ஸ் திரையில் 400 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் ஓட்டுபவர்கள் இதில் எதையும் செய்யாமல் விட்டாலும் தப்பில்லை. அங்கே ஒவ்வொரு வெட்டும் சிறிது, திரையில் நிற்பதோ 4.2 மில்லிவினாடி.