கைதியின் கையில் ஒரு நகல்

1701-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் போட்ட சட்டம் இது. காரணத்தை எழுத்தில் சொல்லாமல் யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது. பிடியாணையின் நகல் கைதியின் கையிலேயே இருக்க வேண்டும். அநியாயமாக அடைத்தவர் அபராதம் கட்ட வேண்டும்: கைதி பிரபு என்றால் 6000 ஸ்காட்ஸ் பவுண்டு, சாதாரண ஆள் என்றால் 400. இருவருக்கும் அதே இருட்டறைதானே? இந்த இடம் எனக்கு ஆறவே இல்லை.

சரி, சட்டம் வந்தது. மூன்றே வருஷத்தில், பிட்டன்வீம் என்ற மீனவர் ஊரில், பியாட்ரிக்ஸ் லேயிங்கைச் சூனியக்காரி என்று அடைத்தார்கள். ஐந்து பகல், ஐந்து இரவு தூங்க விடாமல் ஊசியால் குத்தினார்கள். அப்புறம் மாதக்கணக்கில் இருட்டறை. அத்தனைக்கும் பிறகு அந்தப் பெண் எடின்பரோவில் பிரிவி கவுன்சிலுக்கு, அதாவது ஸ்காட்லாந்து அரசின் உயர் ஆலோசனைச் சபைக்கு, மனுப் போட்டார்.