ரெண்டு நாள் வேலை என்று சொன்னார்கள், மூன்று வாரம் போனது

கருவியை எழுதியது நான் இல்லை. கொழும்பில் இருக்கும் நண்பன் எழுதி முடித்துவிட்டான். ஏஐ ஏஜென்ட்டிடம் (சொன்ன வேலையைத் தானே கருவிகளைக் கூப்பிட்டுச் செய்யும் ஏஐ) "இந்த ஆள் என்னென்ன கேம் விளையாடுகிறான்" என்று கேட்டால், அது கேம் விற்கும் தளமான ஸ்டீமின் ஏபிஐக்கு, அதாவது நிரல்கள் விவரம் கேட்டு வாங்கும் வாசலுக்கு, போய் விவரத்தை எடுத்து வர வேண்டும். அதற்கான எம்சிபி சேர்வர், ஏஜென்ட்டை வெளியே உள்ள சேவையோடு இணைக்கும் நிரல், அதுதான் இந்தக் கருவி. "கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கம் மட்டும் நீ எழுது மச்சான், ரெண்டு நாள் வேலை" என்றான். திருமலையில் வீட்டிலிருந்தே செய்யலாம்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

முதல் அடி சாவியிலேயே விழுந்தது. ஏபிஐ சாவி, அதாவது அதைப் பயன்படுத்த ஸ்டீம் தரும் இரகசியக் குறி, எடுக்க, ஸ்டீம் கணக்கில் குறைந்தது 5 டொலராவது செலவழித்திருக்க வேண்டும். என்னுடையதோ புதுக் கணக்கு. சரி, 5 டொலர் போடலாம் என்றால் என் கார்ட்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறக்கப்படவில்லை. வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் படிவத்தைப் பார்த்து, "என்ன தம்பி, கேம் வாங்கவோ?" என்று பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கக் கேட்டார். அடையாள அட்டைப் பிரதி இல்லை என்று திருப்பி அனுப்பினார். பிரதி எடுத்துக்கொண்டு ஓடி வந்தால், கையெழுத்துப் போடுகிற ஆள் சாப்பிடப் போய்விட்டார், நாளைக்கு வாங்கோ. சாவி இல்லாமலே எழுதத் தொடங்கலாம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், நினைக்காதீர்கள். ஏபிஐயைக் கூப்பிட்டுப் பார்க்காமல் எழுதிய முதல் நான்கு பக்கத்தையும் பிறகு குப்பையில் போட்டேன்.

சாவி வந்த பிறகுதான் உண்மையான கூத்து. சோதிக்க ஒரு கணக்கு வேண்டும், உப்புவெளியில் இருக்கும் மாமி மகனுடையதைக் கேட்டு வாங்கினேன். அவனுடைய ஸ்டீம் ஐடி எண்ணைக் கொடுத்தால் ஏஜென்ட் யாரோ முன்பின் தெரியாத ஒருவனின் விவரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. எண்ணைப் பத்துத் தடவை சரிபார்த்தேன். ஒரு முழு நாள், நடுவில் இரண்டு மணி நேரம் கரண்டும் இல்லை. கடைசியில் லொக்கில்தான் (நடந்ததெல்லாம் பதிவாகும் கோப்பு) கண்டேன்: ஏஜென்ட் அனுப்பிய எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மாறியிருக்கிறது. ஸ்டீம் ஐடி 7656119 என்று தொடங்கும் 17 இலக்கம். கருவி எழுதப்பட்ட நிரல்மொழியான ஜாவாஸ்க்ரிப்ட்டின் எண் வகை 16 இலக்கத்தைத் தாண்டுவதற்குள்ளேயே துல்லியத்தை இழந்துவிடும், அதற்கு மேலே போனால் தன்பாட்டுக்குக் கிட்டிய வேறு எண்ணாக மாற்றி எழுதிவிடும். நான்தான் ஸ்கீமாவில் (கருவிக்கு எந்த வகைத் தரவு தர வேண்டும் என்ற பட்டியல்) அந்த இடத்துக்கு 'நம்பர்' என்று எழுதியிருந்தேன். எண்ணை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும் 'ஸ்ட்ரிங்' என்று மாற்றினேன், சரியானது. ஒரு சொல்லுக்காக ஒரு நாள்!

அப்புறம் பெயர்ச் சிக்கல். 'விளையாட்டாளரின் பெயரைக் கொடுக்கவும்' என்று எழுதியிருந்தேன். மனிதன் வாசித்தால் ஒரு மாதிரி விளங்கிக்கொள்வான். ஏஜென்ட் எழுதியதை அப்படியே நம்பும், திரையில் தெரிகிற பட்டப்பெயரைத் தூக்கி அனுப்பும். அது வேலைக்கு ஆகாது, ஒரே பட்டப்பெயரை ஆயிரம் பேர் வைத்திருக்கலாம். தேவைப்படுவது ஸ்டீம் பக்கத்தின் இணைய முகவரியில் வருகிற தனிப்பெயர், அதை முதலில் ஐடியாக மாற்ற வேண்டும், கிடைக்காவிட்டால் 42 என்ற குறி வரும். இதையெல்லாம் கருவியின் விவரணையிலேயே எழுதுங்கள். தனிப் பக்கத்தில் எழுதி வைத்தால் ஏஜென்ட் அங்கே போய்ப் பார்க்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மாமி வீட்டில் வைத்துக் காட்டியபோதுதான் மானம் போனது. "இவர் ஒரு கேமை 41,220 மணி நேரம் விளையாடியுள்ளார்" என்றது ஏஜென்ட். இரவு பகலாக, நித்திரை இல்லாமல், நாலரை வருசத்துக்கும் மேல்! மாமி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு மகனைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஸ்டீம் தருவது நிமிடக் கணக்கு, அதை நான் எழுத மறந்துவிட்டேன். 687 மணி நேரம்தான் மாமி என்று விளங்கப்படுத்தப் போக, "687ஓ?" என்று அது வேறு பிரச்சினையாகிவிட்டது.

கடைசியாக வெற்றுப் பதில். கணக்கு பொதுவில் இருந்தாலும் கேம் விவரத்தை மட்டும் தனியாக மறைத்து வைக்கலாம். அப்போது பிழை என்று எதுவும் வராது, வெறுமையாக வரும். ஏஜென்ட் உடனே "இவரிடம் கேம் எதுவுமே இல்லை" என்று அடித்துச் சொல்லும். 'பதில் வெறுமையாக இருந்தால் விவரம் மறைக்கப்பட்டிருக்கலாம், கேம் இல்லை என்று சொல்லாதே' என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவையும் பிசகவில்லை. மூன்று வாரத்தில் நான் எழுதியதில் எனக்கே பிடித்த வரி அதுதான்.

அந்த வரியை மாமி மகனும் பக்கத்தில் இருந்து வாசித்தான். அன்றிரவே தன் கேம் விவரத்தை மறைத்துவிட்டான். இப்போது சோதனைக்கு வேறு கணக்குத் தேடிக்கொண்டிருக்கிறேன்.