கணக்கில் முதலில் எழும்பிய கோபுரம்

நவம்பர் வந்துவிட்டால் சென்னையில் பலர் ரேடார் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறோம். ஆனால் தரை ரேடாருக்கு ஒரு தொல்லை உண்டு. பூமி உருண்டை, கதிரோ கிட்டத்தட்ட நேராகப் போகும், அதனால் தூரம் கூடக்கூட அது மேகத்தின் தலையை மட்டும்தான் தொடும், அதற்கும் அப்பால் நடுக்கடலில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. சரி, ரேடாரையே விண்வெளிக்கு அனுப்பிவிடலாம் என்று பாடுபட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஜோஆன் சிம்ப்சன்.

1949-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். வானிலையியலில் அதை வாங்கிய முதல் அமெரிக்கப் பெண். அதற்கு முன் ஒரு பெரியவர், எந்தப் பெண்ணும் இதை வாங்கியதில்லை, வாங்கினாலும் யாரும் வேலை தரமாட்டார்கள் என்று சொல்லியிருந்தாராம்.

அவர் பிடித்துக்கொண்டது மேகங்களை. வெப்பமண்டலக் கடல் தரும் சூடும் ஈரமும் எப்படி உச்சிக்குப் போய்ச் சேருகின்றன? மொத்தக் காற்றும் மெதுவாக மேலே ஏறினால் போதாது, நடு உயரத்தில் இருக்கும் வறண்ட காற்று கலந்து அந்த ஆற்றலை நீர்த்துப்போகச் செய்துவிடும். 1958-ல் அவரும் ஹெர்பர்ட் ரீல் என்ற வானிலையியலாளரும் ஒரு விடை சொன்னார்கள்: அங்கங்கே எழும்பும் சில ராட்சத இடிமேகங்கள் புகைபோக்கி மாதிரி வேலை செய்கின்றன, அவற்றின் நடுப்பகுதி கலப்படமாகாமல் நேராக மேலே போய்விடுகிறது. வெப்பக் கோபுரங்கள் என்று பெயர். புயலின் கண்சுவரை, அதாவது நடுவிலுள்ள கண்ணைச் சுற்றி நிற்கும் மேக வளையத்தை, இயக்குவதும் இவைதான் என்றார்கள். அன்றைக்கு அதை உள்ளே புகுந்து படம் பிடிக்க ஏது கருவி, எல்லாம் கணக்குதான்.

நடுவில், வெள்ளி அயோடைடு தூவிப் புயலை அடக்கப் பார்த்த ஸ்டார்ம்ஃபியூரி திட்டத்துக்கும் 1965-66-ல் தலைமை தாங்கினார். அது பலிக்கவில்லை. தூவிய புயல்களில் கண்ட மாற்றம் தூவாத புயல்களிலும் தானாகவே வருகிறது என்று பிற்பாடு தெரிந்தது.

அப்புறம் நாசா. 1986-லிருந்து, வெப்பமண்டல மழையை அளக்கும் டிஆர்எம்எம் (TRMM) செயற்கைக்கோளின் திட்ட விஞ்ஞானி. 1997 நவம்பரில் ஜப்பானின் தனெகஷிமாவிலிருந்து கிளம்பிய அதில்தான் விண்வெளியின் முதல் மழை ரேடார் இருந்தது, ஜப்பான் செய்தது. மேலிருந்து பார்ப்பதால் மழையை அடுக்கடுக்காக, 250 மீட்டர் கனத்தில், வெட்டிக் காட்டும்.

1998 ஆகஸ்டில் அது பானி (Bonnie) என்ற புயலுக்கு மேலே போனது. படத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மேகம் 18 கிலோமீட்டர் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக நிற்கிறது, எவரெஸ்டைப் போல இரண்டு மடங்கு. கணக்குப் போட்டு 40 வருஷம் கழித்து, அந்த வெப்பக் கோபுரம் படத்தில். அப்போது அவருக்கு 75 வயது.