தோள்பட்டைக்கு அடியில் ஒரு சத்தம்

கையை உயர்த்தும்போது தோள்பட்டை எலும்புக்கு அடியில் ‘டக்’ என்று சத்தம் வந்து, அதே இடத்தில் வலியும் இருந்தால், தைலம் தேய்த்துக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள். அந்த எலும்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பெரம்பூரில் ஒரு பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். கரும்பலகையின் மேல் வரியில் எழுதக் கையைத் தூக்கினால் வலது தோள்பட்டையின் உள்ஓரத்தில் ஏதோ தட்டி இறங்கும். முன்வரிசைப் பிள்ளைகளுக்கே அது கேட்டது. நான் நெட்டி முறிப்பதாக நினைத்துக்கொண்டார்கள். பிறகு வலி வந்தது. மாலையில் வீடு திரும்பியதும் சுவரில் சாய முடியாது. வலப்பக்கம் படுக்கவும் முடியாது.

அம்மா வாயுப் பிடிப்பு என்றார். பூண்டுக் கஷாயம், வெந்நீர் ஒத்தடம், நீலகிரித் தைலம் எல்லாம் நடந்தன. அழுத்தி நீவிவிட்டால் மறுநாள் வலி இன்னும் கூடியது. வீட்டருகே இருந்த கிளினிக்கில் தசைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை இருக்கும்வரை வலி அடங்கும், சத்தம் மட்டும் அடங்காது. மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. நேராக எடுக்கும் படத்தில் தோள்பட்டையின் நிழலும் விலா எலும்புகளின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் சிறிய புடைப்பு மறைந்துவிடக்கூடும் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

வழியைக் காட்டியவர் அயனாவரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட். வயதில் என்னைவிடச் சின்னவர். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, இரண்டு கைகளையும் மெதுவாக உயர்த்தச் சொன்னார். பிறகு உள்ளங்கையை என் தோள்பட்டைமேல் பரப்பி வைத்துக்கொண்டு மறுபடியும் உயர்த்தச் சொன்னார். கை காதுக்கு நேரே வரும் முன், ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் ‘டக்’. “அக்கா, வலது பட்டை இடதைவிடக் கொஞ்சம் தூக்கி நிற்கிறது. சத்தமும் ஒரே இடத்தில்தான் வருகிறது. பயிற்சி ஆரம்பிப்பதற்கு முன்னால் எலும்பு டாக்டரைப் பாருங்கள்” என்றார். அன்று அவர் பத்து நாள் பயிற்சிக்குப் பணம் வாங்கிக்கொண்டிருக்கலாம். அதைச் செய்யாமல் அனுப்பினாரே, அந்த நேர்மைக்கு நான் என்றும் நன்றியுடன் இருப்பேன்.

தோள்பட்டையில் சத்தம் வருபவர்கள் எல்லாருக்கும் கட்டி இருக்காது. பலருக்கு அந்தச் சத்தம் வலியே இல்லாமல் வந்து போகும். தசை பலவீனமும் கூன் போட்டு உட்காரும் பழக்கமும்கூட அதற்குக் காரணமாகலாம். அவற்றுக்குப் பயிற்சியே பெரும்பாலும் போதும். அடியில் எலும்பே புடைத்துக்கொண்டிருந்தால் பயிற்சியால் அதைக் கரைக்க முடியாது.

எலும்பு டாக்டர் சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். கீழ்ப்பாக்கத்தில் எடுத்தோம். கணினித் திரையில் என் எலும்புக்கூட்டை முப்பரிமாணத்தில் திருப்பிக் காட்டிய டாக்டர், தோள்பட்டை எலும்பை மட்டும் படத்திலிருந்து நீக்கினார். நான்காம் விலா எலும்பின் மேல், காளான் முளைத்ததுபோல் ஒரு புடைப்பு. கை உயரும்போது தோள்பட்டை அதன்மேல் ஏறி இறங்குகிறது, சத்தம் அதுதான். ‘ஆஸ்டியோகாண்ட்ரோமா’ என்றார். எலும்பு வளர்ந்து, அதன் தலையில் குருத்தெலும்புத் தொப்பி மூடியிருக்கும் சாதுவான, அதாவது புற்றல்லாத கட்டி.

கட்டி என்று காதில் விழுந்ததும் என் கணவரின் முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் அவசரப்படாமல் விளக்கினார். எலும்பில் வரும் சாதுவான கட்டிகளில் இதுதான் மிகச் சாதாரணம். வளரும் வயதில் தோன்றி, உடல் வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். ஒற்றைக் கட்டியாக இருந்தால் புற்றாக மாறும் வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம். பெரியவர்களுக்கு அந்தத் தொப்பி 2 சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். அதை அளக்க எம்.ஆர்.ஐ. வேண்டும். எனக்குச் சில மில்லிமீட்டர்தான் இருந்தது. இத்தனை வருடம் இல்லாத வலி இப்போது ஏன் என்று கேட்டேன். உரசி உரசிப் புடைப்புக்கும் தோள்பட்டைக்கும் நடுவே நீர்ப்பை வீங்கியிருப்பதை எம்.ஆர்.ஐ. படத்திலேயே காட்டினார்.

குடும்பத்தில் யாருக்காவது முழங்கால், மணிக்கட்டு ஓரங்களில் இப்படிப் புடைப்புகள் உண்டா என்றும் கேட்டார். பல எலும்புகளில் வரும் பரம்பரை வகை ஒன்று உண்டு. அது பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. எங்கள் வீட்டில் அப்படி யாருக்கும் இல்லை. ஆனாலும் அன்று இரவு தூங்கிக்கொண்டிருந்த மகளின் முழங்கால்களைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

தொந்தரவு தராத கட்டியை அப்படியே விட்டுவிட்டு அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு வலி வேலையையே கெடுத்ததால் எடுத்துவிட முடிவு செய்தோம். விலா எலும்புக்கு உட்புறம் நுரையீரல் உறை இருப்பதால், எலும்பு டாக்டருடன் நெஞ்சு அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து செய்தார். இதைக் கட்டாயம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தோள்பட்டையின் உள்ஓரத்தை ஒட்டிக் கீறி, தசைகளை விலக்கி, தொப்பியோடு அடிவரை எடுத்தார்கள். தொப்பியில் மிச்சம் வைத்தால் மறுபடி வளரலாமாம்.

கண் விழித்த பிறகு மூச்சை ஆழமாக இழுப்பதுதான் பெரும் பாடு. மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்து, உறிஞ்சிப் பந்துகளை மேலே ஏற்றச் சொன்னார்கள். முதல் நாள் ஒரு பந்துதான் அசைந்தது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். அது பெரிய உதவி. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்க்க உடனே மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினம், எடுத்த கட்டியின் பயாப்சி முடிவுக்குக் காத்திருந்ததுதான். எத்தனை ஸ்கேன் பார்த்திருந்தாலும் அந்தத் தாள் கைக்கு வரும்வரை மனம் ஆறவில்லை. சாதுவானதுதான் என்று எழுதியிருந்தது.

கொஞ்ச நாள் கையைக் கழுத்தில் மாட்டிய தூளியில் போட்டிருந்தேன். தங்கைதான் தலை பின்னிவிட்டாள். பிறகு அயனாவரத்துப் பெண்ணிடமே பயிற்சிக்குப் போனேன்: சுவரில் விரல்களை நடத்தி மேலே ஏற்றுவதில் தொடங்கி, பின்னர் சுவரைத் தள்ளுவது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக் கூடாது என்பதால் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கிளம்பினேன். தழும்பைச் சுற்றி ஒரு உள்ளங்கை அளவு இடம் இன்னும் மரத்திருக்கிறது. அது மெல்லத்தான் சரியாகும் என்கிறார் டாக்டர். சத்தம் நின்றுவிட்டது. இப்போது பலகையின் மேல் வரியிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறேன்.