சுத்திக்கிட்டே இருக்கு: டீக்கடை வாசலில் ஒரு யூபிஐ நாட்குறிப்பு

நவம்பர் 3, திங்கள்

காலை ஏழு மணி. டீக்கடை வாசலில் ஒரு பெரியவர், தூறல் விழுதா என்று பார்க்கிறவர் மாதிரி போனை வானத்துக்கு நீட்டியபடி நிற்கிறார். 12 ரூபாய் டீ. திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. "ஐயா, இன்னொரு வாட்டி போட்டுப் பாருங்க" என்கிறார் மாஸ்டர்.

அந்த இன்னொரு வாட்டியில்தான் வம்பே. முதலில் நம் வங்கி பணத்தைக் கழிக்கும். அப்புறம் கடைக்காரர் வங்கி வரவு வைத்துவிட்டுப் பதில் சொல்லணும். பதில் வரத் தாமதமானால் 'பெண்டிங்'. அந்த நேரத்தில் மறுபடி அடித்தால் இரண்டுமே போய்ச் சேரலாம். ஒரு டீ 24 ரூபாய்.

ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். 'ஃபெயில்டு' என்று வந்திருந்தால் தாராளமாக மறுபடி அடிக்கலாம். 'பெண்டிங்' என்றால் கையில் இருக்கும் காசைக் கொடுங்கள். இல்லையென்றால் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். பணம் கழிந்தும் கடைக்குச் சேரவில்லையா? ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி 5 நாளுக்குள் தானாகத் திரும்பணும். தனி ஆளுக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள். தவறினால் நாளுக்கு 100 ரூபாய், நாம் கேட்காமலே தரவேண்டும். 12 ரூபாய்க்கும் இதே கணக்குதான். கூச்சப்படாமல் கேளுங்கள்.

நவம்பர் 5, புதன்

பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி இன்று வாய் திறக்கவில்லை. கல்லாவில் ஒரே பரபரப்பு. வாடிக்கையாளர் பச்சை டிக்கைக் காட்டுகிறார், கடைக்காரர் பெட்டியையே முறைக்கிறார். எதிரே நிற்கிற மனுஷன் சொல்வதைவிட பெட்டி சொல்வதற்குத்தான் மதிப்பு!

பெட்டிக்குள் தனி சிம், தனி பேட்டரி. ராத்திரி சார்ஜ் போடாவிட்டாலோ சிக்னல் விழாவிட்டாலோ, பணம் வந்தும் அது பேசாது. பச்சை டிக்கையும் நம்பக் கூடாது. அச்சு அசலாக அதே திரையைக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. கடைக்காரர் தன் போனில் தன் கணக்கைத் திறந்து பார்ப்பது ஒன்றுதான் வழி. கடை திறந்ததும் வேறொரு போனால் தன் ஸ்டிக்கரையே ஒருமுறை ஸ்கேன் செய்து பெயரைச் சரிபார்ப்பதும் நல்லது. ராத்திரியில் வேறு ஸ்டிக்கரை மேலே ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

நவம்பர் 8, சனி

பழைய கட்டிலை விற்க விளம்பரம் போட்டால் பத்தே நிமிடத்தில் ஒருவர் பேரமே பேசாமல் வாங்கிக்கொள்கிறேன் என்பார். கட்டிலைப் பார்க்கக்கூட வரமாட்டார். "கியூஆர் அனுப்பிருக்கேன் சார், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, காசு ஏறிடும்."

ஏறாது, இறங்கும். 'பின்' என்கிற ரகசிய எண்ணைப் போட்டால் பணம் போகும், வராது. பணம் வாங்குவதற்கு அந்த எண்ணும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். தனி ஆள் இன்னொரு தனி ஆளிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஏமாற்றுகிறவர்களுக்கு இப்போது கியூஆர்தான் கைகொடுக்கிறது. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். எதிராளி எடுப்பதற்குள் சொன்னால்தான் அவர் கணக்கில் முடக்க முடியும்.

நவம்பர் 9, ஞாயிறு

எண்ணைத் தப்பாக அடித்து யாருக்கோ பணம் போய்விட்டால் அது வேறு கதை. வாங்கினவர் சம்மதிக்காமல் வங்கி எடுத்துத் தராது. ஹிஸ்டரியில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணோடு அன்றைக்கே புகார் கொடுங்கள். அந்த எண் இல்லாமல் பேச்சே நகராது. புது ஆளுக்கு அனுப்புவதாக இருந்தால், முதலில் 1 ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.

நவம்பர் 12, புதன்

டீ, வடை, பூ, கீரைக்கெல்லாம் யூபிஐ லைட் போதும்; சில்லறைச் செலவுக்கு ஆப்பிலேயே இருக்கும் குட்டிப் பர்ஸ் அது. 5,000 ரூபாய் வரை ஏற்றி வைக்கலாம். ஒரு தடவைக்கு 1,000 வரை பின் இல்லாமல் போகும். செலவழிக்கும்போது வங்கிக் கணக்கைத் தொடாததால் வட்டம் சுத்துவது குறைவு, பாஸ்புக்கும் வடைக் கணக்கால் நிரம்பாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்தப் பணம் அந்தப் போனோடு கட்டுண்டது. போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ போகிறீர்கள் என்றால், முதலில் லைட்டை மூடுங்கள். மீதி கணக்குக்குத் திரும்பியதைப் பார்த்த பிறகு பழைய போனைக் கொடுங்கள்.