திருப்பிக் கொடுக்காத தூக்குவாளி

தனுஷ்கோடி ரயில் கடலுக்குள் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாக என் அம்மாச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்திருக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இருபத்தெட்டு வயதுக்கு மேல் ஆனது, அதை வைத்து ஒரு கதையை எழுதி முடிக்க அதற்கப்புறமும் பல வருடங்கள் ஆயின. போன மாதம் ஒரு கல்லூரியில் பேசப் போயிருந்தபோது, அந்தக் கதை எப்படி வந்தது என்று ஒரு மாணவி கேட்டாள். மேடையில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தாத்தா பாம்பனில் ரயில்வே கேங்மேன், தண்டவாளத்தைப் பராமரிக்கிற வேலை. வீடு லைனுக்குப் பக்கத்திலேயே. அந்தக் காலத்தில் பாம்பனில் பாதை இரண்டாகப் பிரியும், ஒன்று ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று தனுஷ்கோடிக்கு. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு 11.55க்கு 653ஆம் எண் பாசஞ்சர் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பியது. அன்றைக்குத்தான் வவுனியா பக்கம் இலங்கையைக் கடந்து வந்திருந்தது புயல். தனுஷ்கோடி ஸ்டேஷன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது, டிரைவர் நீளமாக விசில் கொடுத்துப் பார்த்துவிட்டுத் துணிந்து நகர்த்தினார், அப்போது எழுந்து வந்த அலை வண்டியை மொத்தமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பார்கள். அந்த வண்டியில் போன ஒருவரும் திரும்பவில்லை.

அம்மாச்சி சொல்வது வேறு மாதிரி இருக்கும். வாசலில் நின்றிருந்தாளாம். வண்டியின் கடைசிப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு. வண்டி தண்ணீருக்குள் இறங்கிய பிறகும் அந்த விளக்கு மட்டும் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டே போனதாம். "என் கண்ணால பாத்தேன்த்தா. தண்ணிக்குள்ள செவப்பா, குங்குமத்தக் கரைச்ச மாதிரி." இதைச் சொல்லும்போது குரலை உயர்த்த மாட்டாள், கீரை ஆய்ந்துகொண்டே சொல்வாள். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். அந்தச் சிவப்பு விளக்கை நானும் பார்த்தவள்போலத்தான் வளர்ந்தேன்.

இருபத்துமூன்று வயதில் இதைக் கதையாக எழுதினேன். நாற்பது பக்கம். அதில் காற்று இருந்தது, மாடி உயரத்துக்கு அலை இருந்தது, ஆடும் பாலம், ஓடு பறக்கும் வீடுகள், கடைசியில் அந்தச் சிவப்பு விளக்கு, எல்லாமே இருந்தன. எழுதிய இரவுகளில் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது, இதைவிட நல்ல கதை என்னால் எழுத முடியாது என்று நம்பினேன். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. கூடவே ஒரு சின்னத் துண்டுக் காகிதம்: "புயல் நன்றாக இருக்கிறது. ஆள் யாரும் இல்லையே?" இரண்டு நாள் அழுதேன். அப்புறம் அந்த நாற்பது பக்கத்தையும் கட்டி டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு, ஆறு வருடம் அதைத் தொடவில்லை.

இடையில் 2009இல் ஒரு முறை தனுஷ்கோடிக்குப் போனேன். அப்போது ரோடு கிடையாது, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனில் மணலுக்குள் குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டும். கூரையில்லாத தேவாலயம், ஸ்டேஷனின் மிச்சச் சுவர்கள், தண்ணீர்த் தொட்டி. பவளப்பாறைக் கற்களால் கட்டிய சுவரைத் தடவிப் பார்த்தால் விரல் நுனியில் உப்புப் பூத்திருக்கும். நோட்டில் பதினாறு பக்கம் குறிப்பு எடுத்தேன். அதில் கதைக்குள் வந்தது ஒரே ஒரு வரிதான், அங்கே காற்றில் வாயைத் திறந்து பேசினால் பல்லிடுக்கில் மணல் போகிறது, அதனால் அங்குள்ளவர்கள் சுருக்கமாகப் பேசுகிறார்கள் என்பது. மற்ற பக்கங்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். பதினாறு பக்கம் எழுதியதால்தான் எந்த வரி வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் கதை வந்துவிடும் என்று நினைத்துப் போனேன், அது மட்டும் வரவில்லை.

2011இல் அம்மாச்சி போய்ச் சேர்ந்தாள்.

மூன்று வருடம் கழித்து, வேறு ஒரு வேலையாகச் சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போனவள், சும்மா இருக்கட்டுமே என்று 1964 டிசம்பர் மாதப் பழைய செய்தித்தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அப்புறம் இந்த விபத்தைப் பற்றி எழுதியவற்றையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். அப்போதுதான் இரண்டு விஷயங்கள் உறைத்தன. ஒன்று தூரம். பாம்பனிலிருந்து வண்டி மூழ்கிய இடம் இருபது கிலோமீட்டருக்கு மேல். அந்த ராத்திரியில், அந்த மழையில், வாசலில் நின்ற பெண்ணுக்கு அடுத்த வீட்டு வேலிகூடத் தெரிந்திருக்காது. இரண்டாவது, வண்டி போன சேதி வெளியே வர ஏறக்குறைய 48 மணி நேரம் ஆனது. தந்திக் கம்பி இல்லை, பாலம் இல்லை. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்பு உத்தரங்கள் கடலுக்குள் விழுந்துகிடந்தன. இரண்டு நாள் அந்த வண்டி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

நான் முதலில் கோபப்பட்டேன். சின்ன வயதிலிருந்து நெஞ்சுக்குள் வைத்திருந்த ஒன்றை யாரோ பிடுங்கிவிட்டதுபோல இருந்தது. அம்மாச்சி கதை கட்டுகிறவள் இல்லை. சந்தையில் கடைக்காரர் நாலணா கூடக் கொடுத்துவிட்டால் வெயிலில் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். அவள் ஏன் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டும்? பாம்பன் ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பியதை, அதன் பின்விளக்கு மழைக்குள் மங்கி மறைந்ததை நிஜமாகவே பார்த்திருப்பாள். இரண்டு நாள் கழித்துச் சேதி வந்ததும், மழைக்குள் மறைந்த விளக்கு கடலுக்குள் மறைந்த விளக்காக மாறியிருக்கும். சரி, இதை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. ஆனால் ஒரு பாசஞ்சர் வண்டி கிளம்பிப் போவதை, தினமும் பார்க்கிற வண்டியை, கேங்மேன் பெண்டாட்டி நடுராத்திரியில் எழுந்து வந்து எதற்காகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்?

இந்தக் கேள்விதான் கதை. அது எனக்குத் தெரிய இன்னும் ஒரு வருடம் ஆனது.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைத் தூக்குவாளி இருந்தது. உள்ளே ஈயம் பூசியது, கைப்பிடி ஒரு பக்கம் கொஞ்சம் நெளிந்திருக்கும். அதன் கழுத்தில் ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது, பாத்திரக் கடைக்காரர்கள் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டுவார்களே, அந்த மாதிரி. அந்தப் பெயரில் எங்கள் சொந்தத்தில் யாரும் கிடையாது. அம்மாச்சி அதில் எதையும் சமைக்க மாட்டாள், எடுத்துக்கொண்டு வெளியே போக மாட்டாள், வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்துத் திரும்ப அதே இடத்தில், ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வைப்பாள். உள்ளே ஒரு கைப்பிடி அரிசி கிடக்கும். யாருடையது என்று நான் ஒரு தடவை கேட்டபோது, "ஒருத்தி கொழம்பு கொண்டாந்தா. வாங்க வரல" என்றாள். அவ்வளவுதான். பழைய பாத்திரத்துக்கு எவர்சில்வர் போடுகிறவர் தெருவில் வரும்போதெல்லாம் அம்மா அதைக் கொடுத்துவிடலாம் என்பாள். அம்மாச்சி பதிலே சொல்ல மாட்டாள்.

ஒரு நாள் எங்கள் அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டு அக்கா கேசரி கொடுத்தனுப்பிய டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனேன். கதவுவரை போய்விட்டு, கை தானாக நின்றது. வெறும் டப்பாவாகக் கொடுக்கக் கூடாது. உள்ளே வந்து இரண்டு முறுக்கை எடுத்துப் போட்டேன். போட்ட அந்த நொடியில் எனக்குத் தூக்குவாளிக்குள் கிடந்த அரிசி ஞாபகம் வந்தது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாகும்வரை, நாற்பது வருடத்துக்கும் மேலாக, அந்தப் பெண் எந்த நேரம் வந்து கேட்டாலும் வெறும் பாத்திரமாகக் கொடுத்துவிடக் கூடாதே என்று, அவள் அதைத் தயாராக வைத்திருந்திருக்கிறாள்.

அன்றைக்கு ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். நான் முதல் பிரதியை எப்போதும் கையால்தான் எழுதுவேன், காகிதத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், மறுபக்கம் திருத்தத்துக்கு. காலை நாலரையிலிருந்து ஆறரை வரை என் நேரம், அப்புறம் வீடு, அலுவலகம். எழுதியதை மறுநாள் வாய்விட்டுப் படிப்பேன், பேச்சு நாக்கில் இடறினால் அந்த ஆள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். இந்தக் கதையில் அம்மாச்சியின் குரல் பிடிபட வெகுநாள் ஆனது. அவள் பேச்சில் காரணம் சொல்லும் வார்த்தைகளே இருக்காது. "வரல." "போயிட்டா." "இருக்கட்டும்." நான் அவள் வாயில் 'ஏனென்றால்' வைத்த இடத்தையெல்லாம் அடித்த பிறகுதான் அவள் வந்து உட்கார்ந்தாள்.

புயலைத் தூக்கிவிட்டேன். டிரங்குப் பெட்டியிலிருந்த நாற்பது பக்கத்தில் இரண்டு வரிகள் மட்டும் தப்பின. தாத்தாவையும் வெட்ட வேண்டியிருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது. பாலத்தை 46 நாளில் திரும்ப நிறுத்தினார்களே, அதில் அவர் ராப்பகலாக வேலை பார்த்தவர், விழுந்த உத்தரங்களைக் கடலுக்கு அடியிலிருந்து எடுத்து வந்து திரும்பவும் பொருத்தியதைப் பெருமையாகச் சொல்வார். அதை மட்டும் தனியாக ஒரு நாவலே எழுதலாம். ஆனால் இந்தக் கதை அந்த இரண்டு நாளுக்குள்தான் நடக்கிறது, டிசம்பர் 23, 24, யாருக்கும் எதுவும் தெரியாத இரண்டு நாள். ஓடில்லாத வீட்டில் ஒரு பெண் தூக்குவாளியைக் கழுவி வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். ஊரே பிணத்தையும் குழந்தைகளையும் தேடிக்கொண்டிருக்கும்போது, பாத்திரத்துக்குள் எதைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பது என்று அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். வாசகருக்கு வண்டி போய்விட்டது தெரியும், அவளுக்குத் தெரியாது. பதினான்கு பக்கம். ஏழு முறை எழுதினேன்.

அந்தப் பெண் நிஜமாகவே அந்த வண்டியில் ஏறினாளா? குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அம்மாச்சி "இப்ப வண்டி இருக்கு, கிளம்பு" என்று சொல்லி அனுப்பினாளா? இந்தக் காட்சி என் கதையில் இருக்கிறது, ஆனால் எனக்கு யாரும் சொன்னதில்லை. 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்று கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும் என்பார்கள். அந்தக் கணக்கில் வராதவர்களுக்குள் நான் அவளை வைத்தேன். இதை எழுதும்போது எனக்குப் பயமாக இருந்தது. செத்துப்போன அம்மாச்சியின் தலையில் அவள் செய்யாத ஒன்றைக் கட்டுகிறேனோ என்று மூன்று மாதம் கதையை மூடி வைத்தேன். திரும்ப எடுத்ததற்கு ஒரே காரணம்தான். வாசலில் நின்று அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்த பெண்ணுக்கு நான் கொடுக்க முடிந்த ஒரே நியாயம் அது. யாரையோ வழியனுப்பியவள்தான் அப்படிப் பார்ப்பாள். தூக்குவாளியில் வெட்டியிருந்த பெயரைக் கதையில் மாற்றிவிட்டேன், இங்கேயும் எழுதப்போவதில்லை. அது அவளுடையது.

அந்தத் தண்ணீர்த் தட்டும் கதையில் இருக்கிறது. தட்டு நிறையத் தண்ணீர், நடுவில் தூக்குவாளி, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவுபோல. அம்மாச்சி ஏதோ ஒரு சடங்குபோல அதைச் செய்திருக்கிறாள் என்றே நினைத்திருந்தேன், கதையின் கடைசிப் பத்தி முழுக்க அந்தத் தட்டின் மேல்தான் நிற்கிறது.

கதை அச்சில் வந்தபோது அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா கதையெல்லாம் படிக்கிறவள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வண்டி கிளம்பும் இடத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும் ரொம்ப நேரம் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்புறம், "எல்லாஞ் சரிதாண்டி. அரிசின்னு எழுதிருக்க. அரிசி எங்க இருந்துச்சு? வெல்லக்கட்டியில்ல போட்டு வச்சிருந்துச்சு கெழவி" என்றாள்.

"அரிசிம்மா."

"வெல்லம்டி. எறும்பு மொச்சுத் தள்ளும். அதுக்குத்தான நான் தண்ணித் தட்டுல வச்சேன்."

எனக்கு அந்த அரிசி இப்போதும் தெரிகிறது. புழுங்கல் அரிசி, குருணை கலந்தது, ஈயப்பூச்சின் மேல் கொஞ்சம் மஞ்சளாக, வாளியைச் சாய்த்தால் ஒரு பக்கமாகச் சரியும்.

"இல்லம்மா, என் கண்ணால பாத்தேன்" என்றேன்.